அடைக்கலப் பட்டணம்

விவிலியச் சட்டத்தில், தவறுதலாகக் கொலை செய்தவர் உயிர் பிழைக்க ஓடிச் சேரும் நகரம். ‘அடைக்கலம்’ என்பதற்கான எபிரேயச் சொல் ‘மிக்லாத்’. பிற்கால எபிரேயத்தில் இதன் வேருக்கு ‘உள்வாங்கு, ஏற்றுக்கொள்’ என்பது பொருள். தமிழ் ‘அடைக்கலம்’ ‘அடை’ என்ற வினையடியிலிருந்து வருவது. எபிரேயச் சொல் ஏற்கும் இடத்தையும், தமிழ்ச் சொல் வந்து சேர்பவரையும் முன்னிறுத்துகின்றன.

எண்ணாகமம் 35, உபாகமம் 19, யோசுவா 20 ஆகிய அதிகாரங்கள் இதை விவரிக்கின்றன. யோர்தான் நதிக்கு மேற்கே கேதேஸ், சீகேம், எபிரோன், கிழக்கே பேசேர், ராமோத், கோலான் என 6 நகரங்கள். இவை லேவியர் குலத்தின் 48 நகரங்களைச் சேர்ந்தவை. அந்நியருக்கும் இங்கே இடமுண்டு.

மரம் வெட்டும்போது கோடரி கழன்று அயலான்மேல் பட்டு அவன் இறந்தால், வெட்டியவர் இங்கே ஓடலாம். இறந்தவரின் உறவினரான பழிவாங்குபவன் அவரைத் தொடக்கூடாது, சபை விசாரிக்கும். பகைகொண்டு கொன்றவர் என்றால் அடைக்கலம் இல்லை. ஆனால் ஒரே சாட்சியை நம்பி மரணதண்டனை தரவும் கூடாது.

குற்றமற்றவரும் உடனே வீடு திரும்ப முடியாது. பிரதான ஆசாரியர் இறக்கும்வரை அந்நகர எல்லைக்குள்ளேயே இருக்கவேண்டும். பணம் கட்டி முன்னதாக விடுபடவும் வழியில்லை. உயிரைக் காப்பது இரக்கம். சிந்திய இரத்தத்துக்கு விலை பேச மறுப்பது நீதி. இச்சொல் இரண்டையும் சுமக்கிறது.

இன்றைய இஸ்ரேலில் ‘மிக்லாத்’ என்றால் குண்டுவீச்சின்போது ஒதுங்கும் பதுங்கிடம்.