கடைமடையும் கண்டல் காடும்

காவிரிப் படுகையில் கடைமடைக்காரர்களுக்கு எப்போதும் இரண்டு கவலை. மேற்கே பார்த்தால், ஆற்றுத் தண்ணீர் வந்து சேருமா என்ற கவலை. கிழக்கே பார்த்தால், உப்புத் தண்ணீர் ஏறி வந்துவிடுமோ என்ற கவலை. நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் சந்திக்கிற அந்த எல்லையை இதுவரை யார் காத்தார்கள், யார் கெடுத்தார்கள், கெட்டது எப்படித் திருந்தியது என்ற கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். பழைய கதைதானே என்று ஒதுக்கிவிடாதீங்க. நாளைக்கு நம்ம வயலில் நெல் விளையுமா, உப்புப் பூக்குமா என்பது இந்தக் கதையில்தான் இருக்கிறது.

கொள்ளிடத்திலிருந்து கோடியக்கரை வரைக்கும், அங்கிருந்து மேற்கே முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வரைக்கும் கரையோரம் தாழ்ந்த பூமி. ஆறுகள் கடலை நெருங்க நெருங்க வேகம் குறைந்து, வண்டலைப் போட்டுவிட்டுப் பரந்து நிற்கும். ஓதம் ஏறும்போது கடல் தண்ணீர் அதே ஆற்றுவாய் வழியாக உள்ளே வரும். இப்படிப்பட்ட சேற்று நிலத்தில் வளருவதுதான் அலையாத்தி என்றும் கண்டல் என்றும் நாம் சொல்லும் காடு. பிச்சாவரத்தில் சுரபுன்னையும் தில்லையும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே அந்த மரத்தால்தான். முத்துப்பேட்டையில் பெரும்பாலும் அலையாத்தி. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கி போன்ற ஆறுகள் வந்து விழும் அந்தக் காயல், காடு, சேற்று வெளி எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 12,000 ஹெக்டேர்.

கடல் கரையை அரிப்பது புதிது இல்லை. பூம்புகாரைக் கடல் கொண்ட கதையைப் பாட்டியிடம் கேட்காதவர் யார்? தரங்கம்பாடிக்குப் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். 1306-ல் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டைக்குப் பக்கத்தில்தான் அந்தக் கோயில். ஆக, கடல் நகரும், கரையும் நகரும். மணல்மேடு, பனை, தாழை, கண்டல் எல்லாம் அந்த நகர்வுக்கு இடம் விட்டு நின்ற காவல்காரர்கள்.

அந்தக் காவல்காரனை முதலில் கை வைத்தது விறகுக்காக. முத்துப்பேட்டைக் காடு ஒரு காலத்தில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் ஏற்படுத்திய சத்திரங்களின் நிர்வாகத்தில் இருந்தது. பிறகு வனத்துறைக்கு வந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் காட்டைக் கூப்பு கூப்பாகப் பிரித்து, ஒவ்வொரு கூப்பையும் மொத்தமாக வெட்டி ஏலம் விடுவார்கள். வெட்டின இடத்தில் தானே முளைத்து வரும், சில வருஷம் கழித்து மறுபடி வெட்டலாம் என்பது கணக்கு. மலைக்காட்டுக்கு அந்தக் கணக்கு ஒருவேளை சரியாக இருக்கலாம். சேற்றுக் காட்டுக்குச் சரிப்படவில்லை. சுதந்திரம் வந்த பிறகும் பல வருஷம் இதே முறை நீடித்தது.

வெட்டின இடம் வெறும் திட்டாகக் கிடந்தது. மறுபடி முளைக்கவே இல்லை. யார் மேல் பழி விழுந்தது தெரியுங்களா? பக்கத்து ஊர் ஜனங்கள் மேல். மாட்டை மேய விடுகிறார்கள், விறகு பொறுக்குகிறார்கள், அதனால்தான் காடு அழிகிறது என்றார்கள்.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பிச்சாவரத்தில் இதை நிதானமாக ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்ட காரணம் வேறு. மரத்தை மொத்தமாக வெட்டியதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி மண் சுருங்கி, நடுப்பகுதி தாழ்ந்து, தாம்பாளம் மாதிரி ஆகிவிட்டது. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த தண்ணீர், இறங்கும்போது வெளியே போக வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய தண்ணீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. வருஷக் கணக்கில் இப்படிச் சேர்ந்த உப்பை அலையாத்தியாலேயே தாங்க முடியவில்லை. மாடு ஒரு வாய் கடித்திருக்கலாம். ஆனால் காட்டைக் கொன்றது தேங்கின உப்புத் தண்ணி.

நமக்கு இது புரியாத விஷயம் இல்லீங்க. வடிகால் அடைபட்ட வயல் களராகப் போவதைப் பார்க்காத விவசாயி உண்டா? அதே நோய்தான் காட்டுக்கும்.

வைத்தியமும் அதே மாதிரிதான். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால், மேலிருந்து பார்த்தால் மீன் முள் போல இருக்கும். அதை ஆற்றோடு இணைத்தார்கள். ஓதம் ஏறி இறங்க, உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப் போயிற்று. வாய்க்கால் கரைச் சரிவில் கன்று நட்டார்கள். பழி சுமந்த அதே ஊர் ஜனங்கள் வனத்துறையோடு சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள், நட்டார்கள், காத்தார்கள். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் வெறும் திட்டாகக் கிடந்த பல இடங்கள் இப்படித்தான் பசுமை கண்டன.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. அதனால் டெல்டாவுக்குக் கிடைத்த நன்மையை நாம் மறக்கவில்லை. ஆனால் அணை தண்ணீரைத் தேக்கும்போது வண்டலையும் தேக்குகிறது. மேலே கர்நாடகத்திலும் அணைகள் வந்தன. முன்பு வெள்ள காலத்தில் கரைக்கு வந்து சேர்ந்த நல்ல தண்ணியும் வண்டலும் குறைந்துபோயின. கடல் எடுத்துக்கொண்டு போகிற மண்ணுக்கு ஈடு கொடுக்க ஆற்றிடம் மண் இல்லை. ஓதம் ஏறுகிறபோது எதிர்த்துத் தள்ள ஆற்றில் தண்ணீரும் போதவில்லை.

இந்த நிலைமையில்தான் 1990-களின் தொடக்கத்தில் இறால் பண்ணைகள் வந்தன. வெளிநாட்டில் கறுப்பு இறாலுக்கு நல்ல விலை. கடைமடையில் தண்ணீர் வராமல் சலித்துப்போனவர்களிடம் கை நிறையப் பணம் கொடுத்து நிலத்தை வாங்கினார்கள். விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பயிர் காய்ந்த வருஷத்தில் வீட்டில் கல்யாணம் என்றால் யாருக்கும் மனசு தடுமாறத்தான் செய்யும்.

ஆனால் விற்காதவர்கள் கதி? குளத்தில் நிற்கும் உவர்த் தண்ணீர் வரப்பைத் தாண்டிக் கசிந்தது. குளத்து உப்பைச் சரிக்கட்ட நிலத்தடி நல்ல தண்ணியை எடுத்தார்கள், குடிதண்ணீர் கிணறுகள் உவர்ப்பாயின. கழிவுத் தண்ணியை வடிகாலில் விட்டார்கள். உயரமான கரைகள் மழைத் தண்ணீர் வடிகிற வழியை மறித்தன. நடவு, களை, அறுப்பு என்று பல கைகளுக்கு வேலை கொடுத்த நிலத்தில், காவலுக்கு இரண்டு பேர் போதும் என்றாயிற்று. வேலை போனவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத தாழ்த்தப்பட்ட மக்கள்.

சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் கீழவெண்மணிக் கொடுமைக்குப் பிறகு கீழத்தஞ்சைக்கு வந்து, நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கப் பாடுபட்டவர்கள். 1981-ல் 'லாப்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கைக்கு வந்த கொஞ்ச நிலத்துக்குப் பக்கத்திலேயே உப்புக் குளம் வெட்டினால் அந்த நிலம் இருந்து என்ன, போய் என்ன? கிராமம் கிராமமாக சத்தியாக்கிரகம் நடந்தது. 1994-ல் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார்.

1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. கடலோரப் பண்ணைகளால் வந்த வருமானத்தைவிட அவற்றால் வந்த சேதமே அதிகம் என்ற நிபுணர் அறிக்கையை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. விளைநிலம், உப்பளம், கண்டல் காடு, ஊர்ப் பொது நிலம் இவற்றை இறால் குளமாக மாற்றக் கூடாது, கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் உள்ள பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும், கெடுத்தவரே இழப்பீடு தர வேண்டும் என்றது. மரபு முறை வளர்ப்புக்கு மட்டும் விலக்கு. ஆனால் மறு ஆய்வு மனுக்கள் வந்தன, அகற்றும் வேலை நின்றது. 2005-ல் தனிச் சட்டம் வந்து, பதிவும் நிபந்தனைகளுமாகப் பண்ணைகள் தொடர வழி ஏற்பட்டது. இதற்கு நடுவே, 1994–95 வாக்கில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து ஏராளமான குளங்கள் படுத்துவிட்டன. பணம் போட்டவர் வேறு தொழிலுக்குப் போனார். உப்பு மட்டும் ஊரிலேயே தங்கியது.

கடலோர ஒழுங்குமுறைப் பகுதி என்றேனே, அது எப்படி வந்தது? கரையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் இல்லாமல் காக்க வேண்டும் என்று 1981-ல் பிரதமர் இந்திரா காந்தி மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். 1991 பிப்ரவரி 19-ல் அது அரசு அறிவிக்கையாயிற்று. 2011-ல் மாற்றி எழுதினார்கள், 2019-ல் மறுபடி மாற்றினார்கள். ஜன நெருக்கமான கடலோரக் கிராமங்களில் கட்டடம் கூடாது என்றிருந்த 200 மீட்டர் இப்போது 50 மீட்டர் ஆகிவிட்டது. கடல் உள்ளே வருகிற காலத்தில் நாம் கடலை நோக்கிப் போகிறோம்.

2004 டிசம்பர் 26-ஐ மறக்க முடியுங்களா? நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவு என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். 18 மீனவர் குடியிருப்புகளை ஒப்பிட்டு 2005-ல் வெளிவந்த ஆய்வும் அப்படியே சொன்னது. உடனே வேறு சில விஞ்ஞானிகள், கடலிலிருந்து தூரமும் தரை உயரமும்தான் பெரிய காரணம் என்று மறுத்தார்கள். இரண்டையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். காடு அலையின் வேகத்தைக் குறைக்கும், கடலுக்கும் குடிசைக்கும் நடுவே தூரத்தையும் காப்பாற்றும். காடு இருக்கிறதே என்று கடல் ஓரத்தில் குடியேறினால் காடு பொறுப்பேற்காது.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இதையே சொல்லிக்கொடுத்தது. வேதாரண்யத்துப் பக்கம் சவுக்கும் மாவும் சாய்ந்தன. தென்னந்தோப்புகள் படுத்தன. முத்துப்பேட்டை அலையாத்தியும் தப்பவில்லை. காடும் ஓர் உயிர்தான். அடி வாங்கினால் தேறி எழ நல்ல தண்ணியும் அவகாசமும் வேண்டும்.

சுனாமித் தண்ணீர் புகுந்த வயல்களின் கதை நமக்குத் தைரியம் கொடுக்கிறது. இனி விளையாது என்று பலர் கைவிட்ட நிலங்கள். கடல் கொண்டுவந்து போட்ட படிவை வழித்தார்கள். வரப்பை உயர்த்தி மழைத் தண்ணியைத் தேக்கி வடித்தார்கள். தேவைப்பட்ட இடத்தில் ஜிப்சம் இட்டார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். 2005-ல் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்து மிச்ச உப்பைக் கழுவியது. ஓரிரு போகத்தில் பெரும்பாலான வயல்கள் திரும்பின. வடிகால் சரியாக இருந்த வயல் முதலில் திரும்பியது.

இனி வருகிற காலம் எப்படி? 1901-லிருந்து 2018-க்குள் உலகக் கடல் மட்டம் சராசரி 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006-லிருந்து 2018 வரை வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் ஏறியது என்று ஐ.நா. விஞ்ஞானிகள் குழு சொல்கிறது. ஒரு நெல்மணியின் நீளம் கூட இல்லையே என்று நினைக்கலாம். வாட்டமே இல்லாத நம்ம பூமியில் அந்த அளவும் வடிகாலின் வேகத்தைக் குறைக்கும். வெளியே கடல் உயர்ந்தால் உள்ளே மழைத் தண்ணீர் வடிய நேரமாகும், பயிர் மூழ்கிக் கிடக்கும்.

அதனால் கடைமடைக்காரர்கள் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடிகால் வாய்க்காலைத் தூர் வாருவதை ஊர் வேலையாக எடுத்துக்கொள்ளுங்க. கடைமடை இயக்கு அணைகளின் கதவுகள் பழுதானால் ஓதம் ஏறும் முன்பே நீர்வளத் துறைக்குத் தெரியப்படுத்துங்க. 2016-ல் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வெண்ணாற்றுப் பகுதியில் அடப்பாறு, அரிச்சந்திரா போன்ற ஆறுகளைச் சீராக்கும் வேலை எடுத்தார்கள். அப்படிப்பட்ட வேலை வரும்போது, கதவு எங்கே வேண்டும் என்று சொல்ல விவசாயிதான் முன்னே நிற்க வேண்டும். உவர் நிலத்துக்குத் திருச்சி 1 ரகமும் உண்டு, நம்ம பழைய குழியடிச்சானும் உண்டு. வயலை இறால் குளத்துக்குக் குத்தகை விடும் முன், பக்கத்து வரப்புக்காரரை ஒரு வார்த்தை கேளுங்க. உங்கள் நிலம் உங்களுடையது, உப்பு வேலி பார்த்து நிற்காது.

விறகுக்காரர் விறகைப் பார்த்தார். இறால்காரர் இறாலைப் பார்த்தார். தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்பதை யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்த்தவர்கள் வந்தபோது செத்த காடு பிழைத்தது, உப்பு ஏறிய வயல் விளைந்தது. தண்ணீர் வழியைப் பார்ப்பது விவசாயிக்குப் புதுத் தொழில் இல்லை. நம்ம பாட்டன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு விடியற்காலையில் செய்த அதே வேலைதான்.