ரங்கூன் செட்டியார்களும் கீழே வைக்காத கடதாசியும்



எங்கள் வீடுகளில் முந்நூற்றிநாலு விளையாடத் தெரியாதவர்கள் குறைவு. போக்கர் அதிலிருந்து வேறுபட்ட கடதாசி விளையாட்டு. கை மோசமாக இருந்தாலும் பெரிய தொகையை மேசையில் வைத்து எதிராளியை வெருட்டலாம். அல்லது போட்ட காசை விட்டுவிட்டுக் கடதாசியைக் கவிழ்த்து வைத்து விலகலாம். மேசையில் 100 ரூபா கிடக்கும்போது 50 ரூபா வைத்து வெருட்டினால், மூன்று தடவையில் ஒரு தடவை எதிராளி விலகினாலே முதலுக்கு மோசமில்லை. ஆனால் விலக முடியாதவனை எவராலும் வெருட்ட முடியாது. கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் ரங்கூன்தான் நினைவுக்கு வரும்.

இன்றைய யங்கோனில் ஷ்வேபொந்தா வீதி என்று வழங்குவது அன்றைய மொகல் வீதி. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கிருந்த கோயிலில் மாதந்தோறும் கூடி வட்டி வீதத்தைத் தீர்மானித்தார்கள். 1930 அளவில் பர்மாவில் அவர்கள் இறக்கியிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபா என்று வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. ஐராவதிக் கழிமுகத்து நெல் வயல்கள் பல அந்தக் கடனில் விளைந்தவையே.

செட்டியார் காணிக்கு ஆசைப்பட்டுக் கடன் கொடுத்தவர் அல்லர். அவருக்கு வேண்டியது முதலும் வட்டியும். 'காணி போய்விடும்' என்ற பயமே கடனாளியைக் கட்டவைத்தது. நெல்லுக்கு விலை இருந்தவரை அந்த வெருட்டுப் பலித்தது. 1930இல் உலக மந்தத்தால் விலை சரிந்தபோது கடனாளியிடம் கொடுக்க ஒன்றுமில்லை. இனி இரண்டு வழிகள்தான். கடனில் ஒரு பகுதியைத் தள்ளி, நட்டத்தை ஏட்டில் எழுதுவது ஒன்று. காணியை எடுத்துக்கொண்டு விலை ஏறும்வரை காத்திருப்பது மற்றது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 வீதமாக இருந்த அவர்களின் காணிப் பங்கு 1938இல் 25 வீதமாயிற்று.

ஏட்டில் அது சொத்து. வயலை இழந்த பர்மிய விவசாயியின் கண்ணில் அது பறிப்பு. சுதந்திரம் பெற்ற 1948இலேயே பர்மா காணிகளைத் தேசியமயமாக்கச் சட்டம் இயற்றியது. 1963இல் வங்கிகளும் 1964இல் கடைகளும் அரசின் கைக்குப் போயின. 1964 மே 17இல் 50, 100 கியாட் தாள்கள் செல்லாமற்போயின. பெட்டியில் காசு வைத்திருந்தவர்களும் வெறுங்கையோடு கப்பலேறினார்கள்.

செட்டியார்கள் பிடிவாதக்காரர்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எல்லோரும் ஒரே நாளில் காணியை விற்க வந்தால் வாங்குபவர் எங்கே? ஆனாலும் 'இவ்வளவு போட்டுவிட்டோமே' என்ற எண்ணம் கணக்கில் சேராது. போன காசு போனதுதான். இனிப் போடப்போவதையும் இனி வரக்கூடியதையும் மட்டுமே பார்க்கவேண்டும்.

இந்தக் கணக்கு முதலாளிக்குப் பொருந்தும். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவருக்கும் வயலில் கதிர் அறுத்தவருக்கும் அந்த மேசையில் இருக்கையே இல்லை. 1941 டிசெம்பர் 23இல் யப்பானியக் குண்டுகள் ரங்கூனில் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. சுமார் ஐந்து லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். கப்பலுக்கு வழியில்லாதவர்கள் காடும் மலையும் நடந்தார்கள். வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம்.

'ஏன் முந்தியே வெளிக்கிடவில்லை?' என்று எங்கள் பிள்ளைகளும் எங்களைக் கேட்கிறார்கள். நெல் விலை சரிந்தால் கணக்குப் பார்க்க ஆண்டுக்கணக்கில் நேரம் இருக்கும். குண்டு விழுந்த பிறகு எவருக்கும் அந்த நேரம் கிடைப்பதில்லை. பிள்ளைகளுக்கு முதலில் இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுப்போம்.