அலபாமா குவாட்டர்பேக்குகள்: தலைமுறைகளை ஒப்பிடும் வழக்கம்

அமெரிக்காவின் தென்பகுதி மாநிலமான அலபாமாவில், டஸ்கலூசா நகரில் அமைந்துள்ள அலபாமா பல்கலைக்கழகம் 1892ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் காற்பந்து ஆடி வருகிறது. 'கிரிம்சன் டைட்', அதாவது 'கருஞ்சிவப்பு அலை' என்று அழைக்கப்படும் இவ்வணி, கல்லூரிக் காற்பந்தில் மிகுதியான தேசியப் பட்டங்களை வென்ற அணிகளுள் ஒன்று. தொழில்முறைக் காற்பந்தின் முதன்மைத் தொடரான என்.எஃப்.எல்.-இல் அலபாமா மாநிலத்துக்கென அணி எதுவும் இல்லை. எனவே மாநில மக்களின் காற்பந்துப் பற்று முழுவதும் கல்லூரி அணிகளின் மீதே குவிந்துள்ளது. அப்பற்றில் விளைந்த வழக்கங்களுள் ஒன்று, அணியின் பழைய குவாட்டர்பேக்குகளையும் இன்றைய குவாட்டர்பேக்குகளையும் ஒப்பிட்டு, சிறந்தவர் யார் என்று விவாதிப்பது.

இவ்விவாதத்தில் எறிந்த தூரம், பெற்ற வெற்றிகள், வென்ற கோப்பைகள் ஆகியன அளவுகோல்களாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஆனால் ஆட்ட விதிகளும், பயிற்றுநர்களின் உத்திகளும், யாரை அணியில் சேர்க்கலாம் என்ற சமூக வரம்புகளும் ஒவ்வொரு தலைமுறையிலும் வேறுபட்டிருந்தன. இவற்றைக் கணக்கில் கொள்ளாமல் எண்களை மட்டும் ஒப்பிட்டால் தவறான முடிவே கிடைக்கும்.

குவாட்டர்பேக்கின் பணி

அமெரிக்கக் காற்பந்தில் ஓர் அணிக்கு 11 பேர் களத்தில் ஆடுவர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். ஒரு யார்டு என்பது ஒரு மீட்டரைவிடச் சற்றுக் குறைவான நீளம். ஏறத்தாழ ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் குவாட்டர்பேக்கின் கைக்கே வரும். அதை முன்னோக்கி எறிவதா, ஓட்டக்காரரிடம் கொடுப்பதா, தானே தூக்கிக்கொண்டு ஓடுவதா என்பதைச் சில நொடிகளில் அவர் முடிவு செய்ய வேண்டும். வெற்றி தோல்வி இரண்டும் பெரும்பாலும் அவர் பெயரிலேயே எழுதப்படுவதற்கு இதுவே காரணம்.

பிரையன்ட் காலத்து மூவர்

'பேர்' (கரடி) என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட பால் பிரையன்ட் 1958 முதல் 1982 வரை அலபாமாவின் தலைமைப் பயிற்றுநராக இருந்தார். அவரது அணி ஆறு தேசியப் பட்டங்களை வென்றது. அவற்றுள் முதலாவது 1961இல் கிடைத்தது. அவ்வாண்டின் குவாட்டர்பேக் பேட் டிரம்மல். அணி 11 ஆட்டங்களிலும் வென்றது. எதிரணிகள் பருவம் முழுவதும் எடுத்த புள்ளிகள் 25 மட்டுமே. டிரம்மல் பின்னர் மருத்துவம் பயின்றார். 1968 டிசம்பரில் தமது 28ஆம் வயதில் புற்றுநோயால் இறந்தார்.

அவருக்குப் பின் வந்தவர் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜோ நேமத். 1963 பருவத்தின் இறுதியில் கட்டுப்பாட்டை மீறியதற்காகப் பிரையன்ட் அவரை இடைநீக்கம் செய்தார். 1964இல் நேமத் தலைமையில் அணி தேசியப் பட்டம் பெற்றது. அக்காலத்தில் பட்டத்துக்கான வாக்கெடுப்பு, பருவ முடிவில் நடக்கும் 'பவுல்' ஆட்டங்களுக்கு முன்பே முடிந்துவிடும். அதனால் 1965 ஜனவரி 1 அன்று ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் டெக்சாஸ் அணியிடம் 21–17 என்ற கணக்கில் தோற்றபோதும் பட்டம் அலபாமாவிடமே இருந்தது. நேமத் பின்னர் நியூயார்க் ஜெட்ஸ் அணியில் 4,27,000 டாலர் ஒப்பந்தத்தில் சேர்ந்து, 1969 ஜனவரியில் சூப்பர் பவுல் வென்றார். கல்லூரியில் அவர் ஆடிய மூன்று பருவங்களைவிட இந்தப் பிற்காலப் புகழே பலர் நினைவில் மேலோங்கி நிற்கிறது.

மூன்றாமவர் இடக்கையால் எறியும் கென் ஸ்டேப்ளர். 1966இல் அவரது அணி 11 ஆட்டங்களிலும் வென்றும் தரவரிசையில் மூன்றாம் இடமே பெற்றது. தங்களுக்குள் 10–10 எனச் சமநிலையில் முடித்த நோட்டர்டேம், மிச்சிகன் ஸ்டேட் அணிகள் அதற்கு மேலே வைக்கப்பட்டன. 1967 டிசம்பர் 2 அன்று கொட்டும் மழையில், பரம எதிரியான ஆபர்ன் அணிக்கு எதிராக ஸ்டேப்ளர் சேற்றில் 47 யார்டு ஓடி எடுத்த புள்ளிகளால் அலபாமா 7–3 என வென்றது. அந்த ஓட்டம் இன்றும் பேசப்படுகிறது.

ஒப்பீட்டில் இடம்பெறாதவர்கள்

இம்மூவரும் ஆடிய அணியில் கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. 1963 ஜூன் 11 அன்று மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், விவியன் மலோன், ஜேம்ஸ் ஹுட் ஆகிய இரு கறுப்பின மாணவர்கள் சேர்வதைத் தடுக்கப் பல்கலைக்கழக வாயிலிலேயே நின்றார். கூட்டரசின் தலையீட்டால் அன்றே அவர்கள் சேர்க்கப்பட்டனர். ஆயினும் காற்பந்து அணிக்குள் கறுப்பினத்தவர் வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. உதவித்தொகையுடன் சேர்க்கப்பட்ட முதல் கறுப்பின வீரர் வில்பர் ஜாக்சன் 1970இல் வந்தார். ஜான் மிட்செல் 1971இல் அணிக்காகக் களமிறங்கினார். 1966இல் தோல்வியே காணாத அணி மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டதற்கு, அது வெள்ளையர் மட்டுமே கொண்ட அணியாக இருந்ததும் ஒரு காரணம் என்று கருதுவோர் உண்டு.

அணிக்குள் இடம் கிடைத்ததும் குவாட்டர்பேக் இடம் கிடைத்துவிடவில்லை. அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில் வளர்ந்த கான்ட்ரெட்ஜ் ஹாலோவே, அக்காலத்தின் திறமைமிக்க பள்ளிக் குவாட்டர்பேக்குகளுள் ஒருவர். கறுப்பினக் குவாட்டர்பேக்கை ஏற்க அலபாமா இன்னும் ஆயத்தமாகவில்லை என்று பிரையன்ட் தம்மிடம் கூறியதாக ஹாலோவே பின்னாளில் தெரிவித்தார். வேறு நிலையில் ஆட விரும்பாத அவர் அண்டை மாநிலமான டென்னசியின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1972இல் தென்கிழக்கு மாநாட்டு அணிகளின் முதல் கறுப்பினக் குவாட்டர்பேக்காகக் களமிறங்கினார். தொழில்முறை ஆட்டத்தில் என்.எஃப்.எல். அணி ஒன்று அவரைத் தற்காப்பு வீரராகவே தேர்ந்தெடுத்தது. அதை ஏற்காமல் கனடா சென்று குவாட்டர்பேக்காகவே ஆடிப் புகழ் பெற்றார்.

அலபாமாவின் முதல் கறுப்பினக் குவாட்டர்பேக்காக வால்டர் லூயிஸ் 1980களின் தொடக்கத்தில்தான் முன்னணிக்கு வந்தார். 1982 டிசம்பரில் இல்லினாய் அணியை வென்ற பிரையன்டின் கடைசி ஆட்டத்தில் குவாட்டர்பேக்காக இருந்தவர் லூயிஸே. அதற்கு முன்பு ஆடியவர்களின் சாதனைகள் உண்மையானவை. ஆயினும் அவ்விடத்துக்கான போட்டியில் மாநிலத்தின் ஒரு பகுதி இளைஞர்கள் நுழையவே முடியாதிருந்தனர் என்பது அச்சாதனைகளோடு சேர்த்துப் படிக்க வேண்டிய செய்தி.

மாறிய விதிகள், மாறிய எண்கள்

1961இல் டிரம்மல் 133 முறை எறிந்து 1,035 யார்டு பெற்றார். 2021இல் பிரைஸ் யங் 547 முறை எறிந்து 4,872 யார்டு பெற்றார். மொத்தத் தூரத்தைப் பார்த்தால் யங் ஏறத்தாழ 4.7 மடங்கு மேல். ஆனால் ஓர் எறிதலுக்கான சராசரியைக் கணக்கிட்டால் டிரம்மல் 7.8 யார்டு, யங் 8.9 யார்டு. டிரம்மல் எறிந்தவற்றுள் 2 மட்டுமே எதிரணியிடம் சிக்கின. யங் எறிந்தவற்றுள் 7. விழுக்காட்டில் முறையே 1.5, 1.3. இருவருக்குமான உண்மையான இடைவெளி, மொத்த எண் காட்டுவதைவிட மிகவும் சிறியது.

மொத்த எண்கள் இவ்வளவு பெருகியதற்குப் பல காரணங்கள் உள்ளன.

முதலாவது, ஆட்டங்களின் எண்ணிக்கை. 1961இல் பவுல் ஆட்டத்தையும் சேர்த்து அணி 11 ஆட்டங்கள் ஆடியது, 2021இல் 15. தவிர, பவுல் ஆட்டங்களின் எண்களைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2002 பருவம் முதல்தான் வீரரின் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்த்து வருகிறது.

இரண்டாவது, ஆள் மாற்றும் விதி. 1960களின் தொடக்கம் வரை ஆட்டத்தின் நடுவே வீரர்களை மாற்றுவதற்குக் கடும் வரம்பு இருந்தது. அதனால் தாக்குதலில் ஆடியவரே தற்காப்பிலும் ஆட வேண்டியிருந்தது. 1964க்குப் பின் இவ்வரம்பு தளர்ந்ததும் குவாட்டர்பேக் எறிதல் பணியில் மட்டும் கவனம் செலுத்த முடிந்தது.

மூன்றாவது, முதலாண்டு மாணவர் விதி. 1972 வரை முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட முடியாது. நேமத்துக்கும் ஸ்டேப்ளருக்கும் மூன்று பருவங்களே கிடைத்தன. ஜேலன் ஹர்ட்ஸ் 2016இல் முதலாண்டிலேயே முதன்மைக் குவாட்டர்பேக்காக ஆடினார்.

நான்காவது, பயிற்றுநரின் உத்தி. 1971இல் பிரையன்ட் 'விஷ்போன்' என்னும் அமைப்புக்கு மாறினார். குவாட்டர்பேக்குக்குப் பின்னால் மூன்று ஓட்டக்காரர்களை நிறுத்தி, எறிவதைவிட ஓடுவதையே நம்பும் முறை இது. அம்முறையில் ஜெஃப் ரட்லெட்ஜ் 1978இலும், ஸ்டெட்மன் ஷீலி 1979இலும் தேசியப் பட்டம் வென்றனர். எறிந்த தூரத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இவர்கள் பட்டியலின் அடியில் போய்விடுவார்கள்.

வெற்றியை மட்டும் எண்ணினால்

எண்களை நம்பாதோர் வெற்றிகளை எண்ணுகின்றனர். 1992 பருவத்தின் தேசியப் பட்டத்தைப் பெற்ற ஜே பார்க்கர், தாம் தொடங்கிய ஆட்டங்களில் களத்தில் 35 வெற்றி, 2 தோல்வி, 1 சமநிலை பெற்றார். ஏ.ஜே. மெக்காரன் 2011, 2012 ஆகிய இரு பருவங்களிலும் அடுத்தடுத்துப் பட்டம் வென்றார். அவரது கணக்கு 36 வெற்றி, 4 தோல்வி. ஆனால் இவ்வளவுகோலிலும் சிக்கல் உண்டு. 1996இல் கூடுதல் நேர விதி வரும்வரை கல்லூரி ஆட்டங்கள் சமநிலையில் முடியலாம். மேலும், பார்க்கருக்கும் மெக்காரனுக்கும் நாட்டின் சிறந்த தற்காப்பு வரிசைகள் துணைநின்றன. வெற்றி அணியினுடையது, குவாட்டர்பேக்கின் பங்கை அதிலிருந்து தனியே பிரிப்பது எளிதன்று.

ஹர்ட்ஸும் டாகோவைலோவாவும்

2007 முதல் 2023 பருவம் வரை பயிற்றுநராக இருந்த நிக் சேபன் அலபாமாவுக்கு ஆறு தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்தார். அவர் காலத்தில் ஒப்பீடு தலைமுறைகளைத் தாண்டி ஒரே அணிக்குள்ளும் எழுந்தது. 2018 ஜனவரி 8 அன்று அட்லாண்டாவில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியாவுக்கு எதிராக அலபாமா அரைநேரத்தில் 0–13 எனப் பின்தங்கியிருந்தது. முதன்மைக் குவாட்டர்பேக்காக ஆடிய ஆட்டங்களில் அதுவரை இரண்டில் மட்டுமே தோற்றிருந்த ஹர்ட்ஸை சேபன் வெளியே அமர்த்தி, ஹவாயிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் துவா டாகோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் அவர் டெவான்டா ஸ்மித்துக்கு எறிந்த 41 யார்டு பந்து 26–23 என்ற வெற்றியைத் தந்தது.

அடுத்த பருவத்தில் ஹர்ட்ஸ் மாற்று வீரராகவே அணியில் இருந்தார். 2018 டிசம்பர் 1 அன்று, அதே அரங்கில், அதே ஜார்ஜியாவுக்கு எதிரான மாநாட்டு இறுதி ஆட்டத்தில் டாகோவைலோவா காயமுற்றார். களமிறங்கிய ஹர்ட்ஸ் 35–28 என அணியை வெற்றி பெறச் செய்தார். பட்டப்படிப்பை முடித்தபின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2025 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்காக சூப்பர் பவுல் வென்று, அவ்வாட்டத்தின் சிறந்த வீரராகவும் தேர்வானார். அலபாமாவில் இடத்தை இழந்தவர், வேறு பல்கலைக்கழகத்தில் கல்லூரி ஆட்டத்தை முடித்தவர். ஆயினும் அலபாமா ரசிகர்கள் அவரைத் தங்கள் குவாட்டர்பேக்காகவே போற்றுகின்றனர். எந்தப் புள்ளிவிவரத்திலும் அடங்காத இந்த மதிப்பு, இடத்தை இழந்தபின் அவர் நடந்துகொண்ட விதத்தால் வந்தது.

இன்றைய நிலை

2020இல் மேக் ஜோன்ஸ் 4,500 யார்டு எறிந்து 13 ஆட்டங்களிலும் வென்றார். மறு ஆண்டு பிரைஸ் யங், நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையைப் பெற்றார். அலபாமா குவாட்டர்பேக் ஒருவர் அக்கோப்பையைப் பெற்றது அதுவே முதல்முறை. 2023 நவம்பர் 25 அன்று ஜேலன் மில்ரோ, ஆபர்ன் அணிக்கு எதிராகக் கடைசி முயற்சியில் 31 யார்டு தேவைப்பட்ட நிலையில் வெற்றிப் பந்தை எறிந்தார். ஸ்டேப்ளரின் சேற்று ஓட்டத்துக்கு அருகில் வைத்துப் பேசத்தக்க நிகழ்வு இது.

2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்திப் பணம் ஈட்ட அனுமதிக்கப்பட்டனர். முதன்மைக் குவாட்டர்பேக்காக ஓர் ஆட்டம்கூடத் தொடங்குமுன்பே யங்கின் ஒப்பந்தங்கள் 10 லட்சம் டாலரை நெருங்கியதாக சேபன் அவ்வாண்டு குறிப்பிட்டார். பல்கலைக்கழகம் விட்டுப் பல்கலைக்கழகம் மாறுவதும் இப்போது எளிதாகியுள்ளது. ஒரே அணியில் பல ஆண்டுகள் ஆடும் குவாட்டர்பேக்குகள் குறைந்து வருவதால், மொத்தக் கணக்குகளைவிடத் தனித்தனிப் பருவங்களை ஒப்பிடும் போக்கு வலுப்பெறக்கூடும். எந்த அளவுகோலைக் கொண்டாலும், அவ்வீரர் ஆடிய ஆண்டின் விதிகளையும், அந்த இடத்துக்கு அப்போது யார் யார் போட்டியிட முடிந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு நியாயமாக அமையும்.