பம்புசெட்டும் விளையாட்டுக் கணிப்பொறியும்

பொள்ளாச்சி வட்டாரத்துத் தென்னந்தோப்பு உழவர் ஒருவர் பம்புசெட்டு வாங்கப் போனால், "இருப்பதில் பெரிய மோட்டார் எது?" என்று கேட்பதில்லை. கிணறு எத்தனை அடி ஆழம், தண்ணீர் எவ்வளவு உயரம் ஏற வேண்டும், குழாய் எத்தனை அங்குலம் என்று சொல்லி, அதற்கேற்ற குதிரைத்திறனைக் கேட்கிறார். ஊற்று குறைந்த கிணற்றில் பெரிய மோட்டாரை இறக்கினால் பணந்தான் வீண்.

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1937-இல் கோவையில் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் எனக் கருதப்படுகிறது. அன்று முதல் இந்தப் பொருத்தம் பார்க்கும் அறிவு கொங்கு நாட்டில் வேரூன்றி வந்திருக்கிறது.

இன்று அதே உழவரின் பிள்ளை, விளையாட்டுக்கென ஒரு கணிப்பொறியைத் தானே அசெம்பிள் செய்ய விரும்புகிறான். வீட்டுச் சேமிப்பில் ஒரு பெரும்பகுதி இதில் போய்விடக் கூடும். எந்தப் பாகத்தை வாங்குவது? இப்படித் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு எவ்வாறு வந்தது என்பதை அறிந்தால், தேர்ந்தெடுக்கும் முறையும் விளங்கிவிடும்.

திறந்த பெட்டி

1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 என்னும் பெரிய கணிப்பொறி நிறுவப்பட்டது. அத்தகைய எந்திரத்துக்குக் கடையில் பாகம் வாங்கிப் பொருத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

1981 ஆகஸ்டு 12 அன்று அதே ஐ.பி.எம். நிறுவனம் தன் சிறிய 'பி.சி.'யை வெளியிட்டது. அதை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டியிருந்ததால், பாகங்களை வெளியிலிருந்து வாங்கினார்கள். செயலியை இன்டெல் தந்தது. இயக்க மென்பொருளை மைக்ரோசாப்ட் தந்தது. பிளாப்பி இயக்கியைத் தந்தது, இந்தியாவில் பிறந்த ஜுகி டாண்டன் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம். பெட்டிக்குள் 5 ஸ்லாட்டுகள் காலியாக விடப்பட்டிருந்தன. மின்சுற்று வரைபடங்களும் புத்தகமாக வெளிவந்தன. எனவே எவரும் அந்த ஸ்லாட்டுகளுக்குப் பொருந்தும் அட்டைகளைச் செய்ய முடிந்தது.

'பயாஸ்' என்னும் அடிப்படை நிரல் மட்டும் காப்புரிமைக்கு உட்பட்டிருந்தது. காம்பாக் நிறுவனத்தார் அதை நகலெடுக்காமல், அதே வேலையைச் செய்யும் வேறொரு நிரலைத் தாமே எழுதி, 1982 நவம்பரில் தங்கள் கணிப்பொறியை அறிவித்தார்கள். இதன்பின் பொருந்தும் கணிப்பொறிகள் பெருகின.

இந்தியாவில் 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட கணிப்பொறிக் கொள்கை இறக்குமதியை எளிதாக்கியது. 1997-இல் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் இந்தியா சேர்ந்தபின் பல பாகங்களின் சுங்கவரி படிப்படியாக நீங்கியது. வானொலி உதிரிப் பாகங்களுக்குப் பேர்போன சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டுகளும் ஹார்டு டிஸ்குகளும் அடுக்கப்பட்டன.

மூட முயன்ற கதை

கைவிட்டுப் போன சந்தையை மீட்க ஐ.பி.எம். 1987-இல் பி.எஸ்./2 வரிசையைக் கொண்டுவந்தது. அதன் புதுவகை ஸ்லாட்டைப் பயன்படுத்தப் பிறர் உரிமத் தொகை கட்ட வேண்டும். 1988-இல் காம்பாக் உள்ளிட்ட 9 நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து மாற்றுத் தரம் ஒன்றை அறிவித்தன. ஐ.பி.எம்.மின் முயற்சி தோற்றது. 1995-இல் இன்டெல் வெளியிட்ட 'ஏ.டி.எக்ஸ்.' தரம், மதர்போர்டின் அளவையும் திருகுத் துளைகளின் இடங்களையும் வரையறுத்தது. ஒருவர் செய்த போர்டு இன்னொருவர் செய்த பெட்டியில் இன்றும் பொருந்துவது இதனால்தான்.

விளையாட்டு செய்த மாற்றம்

1981-இன் வண்ணத்திரை 320 × 200, அதாவது 64,000 புள்ளிகளை 4 நிறங்களில் காட்டியது. இன்றைய சாதாரணத் திரையில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 படங்கள் என்றால், 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு கெட்டிக்காரர் ஆயிரம் தேங்காயைத் தனியே உரிப்பதைவிட, நூறு பேர் ஆளுக்குப் பத்து உரிப்பது விரைவல்லவா? செயலி அந்தக் கெட்டிக்காரர். கிராபிக்ஸ் கார்டு அந்த நூறு பேர். 1996-இல் வந்த 'வூடூ' அட்டையும் 1999-இல் வந்த 'ஜீபோர்ஸ் 256'-உம் இந்த வழியில் நடந்தவை. அதுமுதல் விளையாட்டுக் கணிப்பொறியில் பெருஞ்செலவு கிராபிக்ஸ் கார்டுக்கே ஆகிறது.

பொருத்தம் பார்த்தல்

ஆகவே கிணற்றின் ஆழத்தை முதலில் பார்ப்பதுபோல், திரையையும் ஆடப்போகும் விளையாட்டையும் முதலில் தீர்மானிக்க வேண்டும். 4-கே திரையில் புள்ளிகள் 4 மடங்கு. கார்டின் வேலையும் ஏறத்தாழ அந்த அளவுக்குக் கூடும். கார்டுக்கு ஈடுகொடுக்கும் செயலி அடுத்தது. செயலி மெதுவானால் கார்டு காத்திருக்கும். ஊற்றில்லாத கிணற்றில் மோட்டார் ஓடுவது போலத்தான். பின்னர் அச்செயலியின் சாக்கெட்டுக்கு ஏற்ற மதர்போர்டு. இன்டெல் செயலி ஏ.எம்.டி. போர்டில் உட்காராது. டி.டி.ஆர். 4 வகை ரேம் டி.டி.ஆர். 5 ஸ்லாட்டில் நுழையாது.

பலர் சிக்கனம் பிடிக்கும் இடம் பவர் சப்ளை. முதல் ஐ.பி.எம். பி.சி.யின் பவர் சப்ளை முழுவதுமே 63.5 வாட்தான். 2025-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5090 என்னும் ஒரு கார்டு மட்டும் 575 வாட் கேட்கிறது. 746 வாட் ஒரு குதிரைத்திறன். ஆக, அந்தக் கார்டு முக்கால் குதிரைத்திறன்! தரங்குறைந்த பவர் சப்ளை பழுதானால் மற்றப் பாகங்களையும் கெடுத்துவிடலாம். மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாவதால், காற்று நன்றாக உட்புகுந்து வெளியேறும் பெட்டி வேண்டும். தேங்காய் நார் ஆலைகள் அருகே இருந்தால் தூசி வடிகட்டியும், அதை அடிக்கடி துடைக்கும் பழக்கமும் வேண்டும்.

இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்படுகிறது. பழுதானால் மாற்றுவது அரிது. 1981-இல் திறந்த பெட்டி மெல்ல மூடிக்கொண்டு வருகிறது. மேசைக் கணிப்பொறியில் மட்டும் திருப்புளி இன்னும் நம் கையில் இருக்கிறது. மோட்டாரைக் கழற்றிப் பார்த்தே தொழில் கற்ற ஊர் இது. அந்தப் பிள்ளை பெட்டியைத் திறந்து பாகங்களைப் பொருத்தும்போது கற்கப்போவதும் அதே பாடந்தான்.