வேருக்குள் ஒரு வரப்பு

கல்வராயன் மலைச்சரிவில் வானத்தை நம்பிச் சாமை விதைக்கிறார்கள். கீழே கள்ளக்குறிச்சிப் பக்கம் நெல் வாரக்கணக்கில் தண்ணீரில் நிற்கிறது. அந்த வேர் ஏன் காயவில்லை, இந்த வேர் ஏன் அழுகவில்லை?

இதற்கான தேடல் பழையது. வேரின் அகத்தோல் செல்களைச் சுற்றி ஒரு பட்டை ஓடுவதை ஜெர்மன் தாவரவியலாளர் ராபர்ட் காஸ்பரி 1865-ல் விவரித்தார். தேர்வுக்கு நாம் மனப்பாடம் செய்யும் அதே காஸ்பேரியன் பட்டைதான்! செல்களின் இடுக்கு வழியே வரும் நீரும் உப்பும் அங்கே நின்றுவிடும். செல்லுக்குள் புகுந்துதான் மேலே போக வேண்டும். சுங்கச்சாவடி மாதிரி. அது எதனால் ஆனது என்ற சர்ச்சை மட்டும் தீரவே இல்லை. லிக்னின் என்று 2012-ல்தான் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் காட்டினார்கள். 147 வருடம்!

மண் வறண்டால் பல பயிர்கள் தக்கையில் உள்ள சூபரின் என்ற மெழுகுப் பொருளை வேரில் கூடுதலாகப் பூசிக்கொள்கின்றன. உள்ளே இருக்கும் நீர் மண்ணுக்குத் திரும்பக் கசியாது. தேங்கிய நீரில் நெல் வேறு வேலை செய்கிறது. வேரின் வெளிப்புறத்தை அடைத்து, இலையிலிருந்து இறங்கும் ஆக்சிஜனைச் சேற்றில் விடாமல் நுனிவரை கொண்டுபோகிறது.

உப்புக்கும் இதே தடுப்புதான். கேரளத்தின் பொக்காளி நெல்லையும் தமிழ்நாட்டு உழவர்களுக்குப் பழக்கமான ஐ.ஆர்.20 ரகத்தையும் ஒப்பிட்ட ஆய்வு 2009-ல் வெளிவந்தது. பொக்காளி வேரில் தடுப்பு வலுவாக இருந்தது. தண்டுக்கு ஏறிய சோடியம் குறைவு. கடலோர உப்பு வயலில் அந்த விதையை எடுத்துவைத்து விதைத்த உழவர்களுக்கு காஸ்பரி யார் என்றே தெரியாது.