பிராயமும் பத்திரமும்

1968-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்ஸிகோ நகரத்தில் நடைபெற்ற 1500 மீட்டர் ஒலிம்பிக் ஓட்டத்தில், கென்யாவின் கிப்சோகே கெய்னோ அமெரிக்காவின் ஜிம் ரயனைத் தோற்கடித்த செய்தியை விளையாட்டுச் சரித்திரத்தில் நாட்டமுள்ள எவரும் அறிவர். ரயன் கான்ஸாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரத்தில் 1947 ஏப்ரல் 29-ல் பிறந்தவர். பள்ளி மாணவராகப் பதினேழாம் பிராயத்தில், 1964-ல், ஒரு மைலை 3 நிமிடம் 59.0 விநாடியில் ஓடியவர். மறு ஆண்டே சான் டியேகோவில் 3 நிமிடம் 55.3 விநாடியில் ஓடி, ஒலிம்பிக் வீரரான நியூஸிலாந்தின் பீட்டர் ஸ்னெல்லையே பின்னுக்குத் தள்ளியவர். அந்தச் சிறுவனைக் கண்டு உலகம் அதிசயித்ததேயன்றி, அவன் மெய்யாகவே பதினேழு பிராயத்தினன்தானா என்று வினவவில்லை. கெய்னோவின் பிறந்த தேதியை ஏடுகள் 1940 ஜனவரி 17 என்று குறிக்கின்றன. ஆயினும் அவர் பிறந்த நந்தி நாட்டில், அக்காலத்தில், ஓர் ஆப்பிரிக்கக் குழந்தையின் ஜனனத்தை அரசாங்க ஏட்டில் எழுதுவிக்க வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இருக்கவில்லை. அவருக்குப் பின் அந்த மேட்டு நிலத்திலிருந்து உலக மைதானங்களுக்கு வந்த இளம் ஓட்டக்காரர்களின் பிராயத்தைப் பற்றி எழுந்த ஐயங்கள் அனைத்துக்கும் வேர் இந்த வேறுபாட்டிலேதான் இருக்கிறது.

கென்யாவின் மேற்கே, பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில், எல்டொரெட், இட்டென், கப்சபெட் முதலிய ஊர்களைச் சூழ்ந்து வாழும் கலெஞ்சின் மக்கள், அவர்களுள்ளும் சிறப்பாக நந்தி, கிப்சிகிஸ் என்னும் பிரிவினர், மனிதனுடைய பிராயத்தை ஆண்டுகளால் எண்ணியவர் அல்லர். ஒரே காலத்தில் விருத்தசேதனச் சடங்குக்கு உட்பட்டு ஆடவராக ஏற்கப்பட்டவர் யாவரும் ஒரு வயதுக் குழுவைச் சேர்ந்தவர். மைனா, சுமோ, சாவே, கிப்கோய்மெட், கப்லெலாச், கிம்ன்யிகே, ந்யோங்கி என்று நந்தியரிடையே அக்குழுக்களுக்கு ஏழு பெயர்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுக் காலத்தைத் தன்னுள் அடக்கி, நூறாண்டுக்குச் சற்று மேற்பட்ட சுழற்சியில் அதே பெயர் மீண்டும் வந்து சேரும். பிரிட்டிஷ் அதிகாரியான ஹாலிஸ் 1909-ல் நந்தியரைப் பற்றி வெளியிட்ட நூலில் இந்த ஏற்பாட்டை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். ஒருவன் யாருக்கு வழிவிட வேண்டும், யாரோடு சமமாக அமரலாம், எந்த வீட்டில் பெண் கொள்ளலாகாது என்பன போன்ற விவகாரங்கள் யாவும் அக்குழுவைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டனவாதலால், ஒரே குழுவைச் சேர்ந்த இருவருள் ஒருவன் மற்றவனுக்கு மூன்றாண்டு மூத்தவனா, ஐந்தாண்டு மூத்தவனா என்ற கேள்விக்கு அந்தச் சமூகத்தில் பிரயோஜனம் ஏதும் இருக்கவில்லை.

பிறந்த வேளையை அவர்கள் மறந்தார்கள் என்று இதனால் கொள்ளலாகாது. வைகறையில் பிறந்தவன் கிப்கோயெச். பகலில் பிறந்தவன் கிபெட். மழை பெய்கையில் பிறந்தவன் கிப்ரோப். தாய் வழிப்பயணத்தில் இருக்கையில் பிறந்தவன் கிப்ருட்டோ. மாலையில் ஆடுகள் பட்டிக்குத் திரும்பும் நேரத்தில் பிறந்தவன் கிப்ரோனோ. கால்நடை மேய்ச்சலுக்குப் புறப்படும் காலையில் பிறந்த ஆண் கிப்லிமோ, பெண் ஜெலிமோ. தானியக் குதிரின் அருகே பிறந்தவனுக்குக் கிப்சோகே என்று பெயர். ஓட்டப் பந்தயங்களின் முடிவுப் பட்டியலில் உலகம் அன்றாடம் வாசிக்கும் இப்பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு ஜனனக் குறிப்பே ஆகும். நாழிகையும் வானிலையும் இடமும் அதில் உண்டு, ஆண்டு ஒன்றுதான் இல்லை. இதை நாம் விநோதமாகக் கருதுவதற்கில்லை. இரண்டு தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும், தை மாதம் பூச நட்சத்திரம் என்று பிறப்பைத் துல்லியமாகச் சொல்லும் பாட்டி, ஆண்டைக் கேட்டால் பெருவெள்ளம் வந்ததற்கு முன்னா பின்னா என்று யோசிக்கத் தொடங்குவாள். ஜூன் மாதத்தில் பள்ளியில் சேர்ப்பதற்கு ஏற்றபடி வாத்தியார் எழுதிக்கொண்ட மே மாதத் தேதியே ஆயுள் முழுவதும் உத்தியோகத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் ஆதாரமாய் நின்ற பெரியவர்கள் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர்.

கென்யாவில் ஜனன மரணப் பதிவுச் சட்டம் 1928-ல் வந்தது. ஆனால் ஆப்பிரிக்கக் குடும்பங்களுக்கு அது கட்டாயமானது சுதந்திரத்தை ஒட்டி 1963-ல் சில மாவட்டங்களில் தொடங்கி, 1971-ல்தான் நாடு முழுவதும் பரவிற்று. சட்டம் பரவுவது வேறு. மலைச்சரிவில், மருத்துவமனைக்கு வெகு தூரத்தில், குடிசையில் பிறந்த குழந்தையின் பெயர் ஏட்டில் ஏறுவது வேறு. ஆகவே பல குழந்தைகளுக்கு முதல் வயதுச் சான்று பள்ளிக்கூடத்திலேதான் வாய்த்தது. வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட முடிந்தால் பள்ளிக்குரிய பிராயம் வந்துவிட்டது என்று கொள்ளும் வழக்கம், நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளைப் போலவே, கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இருந்தது. மாடு மேய்க்கவும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டில் நிறுத்தப்பட்டுக் காலந்தாழ்ந்து வந்தவர், கட்டணம் செலுத்த இயலாமல் இடையில் நின்று மீண்டும் சேர்ந்தவர், தேர்வுக்காக ஒரே வகுப்பில் இரண்டாம் முறை அமர்ந்தவர் ஆகியோர் கலந்த அந்த வகுப்பறைகளில் வகுப்பைக் கொண்டு வயதை ஊகிக்க இயலாது. 2004 ஜனவரியில், ஆரம்பக் கல்வி இலவசமாக்கப்பட்டதை அடுத்து, எல்டொரெட்டில் கிமானி மருகே என்னும் முதியவர் தம் எண்பத்து நான்காம் பிராயத்தில் முதல் வகுப்பில் சேர்ந்தார் என்பது கற்பனை அன்று. அவரும் தம்மிடம் ஜனனப் பத்திரம் இன்றியே அந்த வயதைச் சொன்னவர்.

இவ்விதமான ஒரு தேசத்தை நோக்கி, ஆண்டும் மாதமும் நாளும் தவறாமல் காட்ட வேண்டும் என்று கேட்கும் போட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உலக நாட்டுப்புற ஓட்டத்தில் 1973 முதல் இளையோர்க்குத் தனிப் பந்தயம் இருந்தது. 1986-ல் ஆதென்ஸில் உலக இளையோர் தடகளப் போட்டி தொடங்கிற்று. அதன் முதல் 1500 மீட்டர் தங்கமே கென்யாவின் வில்பிரெட் கிரோச்சிக்குச் சென்றது. 1999-ல் போலந்து நாட்டின் பித்கோஷ்ச் நகரத்தில் பதினாறு, பதினேழு பிராயத்தினர்க்கான உலகப் போட்டியும் சேர்ந்துகொண்டது. டிசம்பர் 31 அன்று இருபது நிறையாதவர் என்பதே இளையோர்க்கு விதி. டிசம்பர் கடைசி நாளில் பிறந்தவனுக்கும் மறுநாள் பிறந்தவனுக்கும் ஓர் ஆண்டு வாய்ப்பு வேறுபடும். அந்த ஓர் ஆண்டில் அடங்கிய பொருளோ அற்பமன்று. காலணிக் கம்பெனியின் ஒப்பந்தம், ஜப்பானியப் பள்ளியிலும் தொழிற்சாலை அணியிலும் இடம், ஐரோப்பியப் பந்தயங்களின் பரிசுப் பணம், போலீஸ் உத்தியோகம் ஆகிய யாவும் இளமையில் கிட்டும் வெற்றியைத் தொடர்ந்து வருவன. இருபத்திரண்டில் ஓடும் அதே வேகத்துக்குப் பதினேழில் மதிப்புப் பன்மடங்கு. நிலம் துண்டு துண்டாகிப் பயிர் போதாமல் போன குடும்பத்தின் மூத்த மகனிடம், உன் வயதைச் சற்றுக் குறைத்து எழுதிக்கொள் என்று ஒரு தரகன் சொன்னால், முன்பே யாரோ ஊகித்து எழுதிய தேதியை மற்றொரு முறை ஊகித்து எழுதுவதாகவே அவனுக்குத் தோன்றும். அவ்வாறு தோன்றுவதால் அது நியாயமாகிவிடாது, செய்தது வஞ்சனையே. அதன் பிறப்பிடத்தை மட்டும் நாம் சரியாக அறிந்துகொள்ள வேண்டும்.

பின்னர் வளைகுடா நாடுகள் ஓட்டக்காரர்களுக்குக் குடியுரிமை வழங்கத் தொடங்கியபோது பத்திரங்களின் நிலை இன்னும் தளர்ந்தது. ஸ்டீபன் செரோனோ என்ற கென்யர் 2003-ல் கத்தார் தேசத்தின் சைஃப் சயீத் ஷாஹீன் ஆனார். அவர் பிராயத்தைக் குறித்து இங்கே நான் ஏதும் சொல்ல வரவில்லை. ஒரு மனிதனுடைய பெயரும் தேசமும் ஒரே மாதத்தில் மாறக்கூடும் என்றால், அவனைக் குறித்த பழைய ஏட்டையும் புதிய ஏட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு எத்தனை சிரமம் என்பதைக் காட்டவே அவர் பெயரைச் சொன்னேன்.

எத்தியோப்பியாவின் கதை வேறு வகையானது. அத்தேசத்துப் பஞ்சாங்கத்தில் பதின்மூன்று மாதங்கள். புத்தாண்டு செப்டம்பர் 11 அல்லது 12-ல் பிறக்கும். ஆண்டின் எண் நாம் வழங்கும் எண்ணுக்கு ஏழோ எட்டோ குறைவாக இருக்கும். அங்கே 1990-ல் பிறந்தவன் நம் கணக்கில் 1997 அல்லது 1998-ல் பிறந்தவன். குமாஸ்தா மாற்றாமல் எழுதிவிட்டால் சிறுவன் ஏழெட்டு ஆண்டு மூத்தவனாகி இளையோர் பந்தயத்தையே இழக்கிறான். முன்பே மாற்றப்பட்ட தேதியை அறியாமல் மறுபடி மாற்றினால் ஆடவன் சிறுவனாகிவிடுகிறான். 1980-ல் மாஸ்கோவில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற மிருட்ஸ் இஃப்டரை வழுக்கைத் தலை காரணமாகவும் சுருங்கிய முகம் காரணமாகவும் நிருபர்கள் பிராயம் கேட்டு நச்சரித்தார்கள். முப்பத்தாறு என்றது ஏடு. நாற்பதைக் கடந்தவர் என்றார்கள் பலர். என் கோழியை ஒருவன் திருடலாம், ஆட்டைத் திருடலாம், என் பிராயத்தை எவனும் திருட முடியாது என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக வழங்கி வருகிறது. அதை வேடிக்கைப் பேச்சாகவே மேல்நாட்டார் எடுத்துரைப்பர். எனக்கு அது மானமுள்ள ஒரு மனிதனின் மறுமொழியாகவே படுகிறது. மூத்தவர் என்று ஐயுற்றாலும் அவர் அதனால் அடைந்த லாபம் ஏதுமில்லை; ஒலிம்பிக்கில் வயது வரம்பு இருக்கவில்லை.

ஏட்டை நம்ப இயலாதவிடத்து எலும்பைக் கேட்போம் என்று விஞ்ஞானம் முன்வந்தது. மணிக்கட்டின் எக்ஸ்ரே படத்தை மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு வளர்ச்சியை அளக்கும் கிரூலிச், பைல் ஆகியோரின் தொகுப்பு 1950-ல் வெளியாயிற்று. அதிலுள்ள மாதிரிகள் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரத்தின் வசதி படைத்த வெள்ளையர் குழந்தைகளின் கைகள். கால்பந்துச் சம்மேளனம் 2009-ல் நைஜீரியாவில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் எம்.ஆர்.ஐ. படத்தைக் கையாண்டு, ஆர எலும்பின் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு முற்றும் கூடிவிட்டதா என்று பார்த்தது. போட்டியை நடத்திய நைஜீரியாவே தன் அணியில் பலரை விலக்க நேர்ந்தது. தடகள உலகமோ பெரும்பாலும் கடவுச்சீட்டையே நம்பி வந்தது. எலும்பின் சாட்சியும் பூரணமானதன்று. விரைவில் முதிரும் பதினாறு பிராயத்துப் பையனுக்குத் தட்டு முன்னதாகவே கூடிவிடும். போஷாக்கின்றி வளர்ந்தவனுக்கு அது தாமதிக்கும். ஓராண்டு முன்பின் ஆவது இயல்பு என்பதை அம்முறையைக் கையாளும் வைத்தியர்களே ஒப்புக்கொள்வர். தெய்வ வாக்குப் போல அதைக் கொள்வோர் உண்மையான சிறுவர் சிலரையும் வெளியே தள்ளிவிடுவார்கள்.

இந்த விவகாரத்தில் பெரிதும் அநீதிக்கு உள்ளாகிறவன் யார் என்பதைப் பலர் சிந்திப்பதில்லை. நார்வே தேசத்து யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் 2017-ல் பதினாறாம் பிராயத்தில் ஒரு மைலை 3 நிமிடம் 58.07 விநாடியில் ஓடினார். நியூஸிலாந்தின் சாம் ரூத் 2025 மார்ச்சில் ஆக்லாந்து நகரத்தில் பதினைந்தாம் பிராயத்திலேயே நான்கு நிமிடத்துக்குள் ஓடினார். மருத்துவமனை ஏடும் பள்ளி ஏடும் உள்ள தேசங்களில் இவ்வளவு சிறிய பிராயத்தில் இவ்வளவு வேகம் சாத்தியம் என்பது பிரத்தியட்சமாக நிரூபணமாகியிருக்கிறது. அப்படியானால், பிறந்த நாள் முதல் மேட்டு நிலத்துக் காற்றைச் சுவாசித்து, பள்ளிக்கும் தண்ணீருக்கும் கால்நடையாகவே சென்று வளர்ந்த ஒரு கலெஞ்சின் சிறுவனுக்கு அது ஏன் சாத்தியமாகாது? பமேலா ஜெலிமோ 2008-ல் பதினெட்டாம் பிராயத்தில் 800 மீட்டர் ஒலிம்பிக் தங்கத்தை வென்று, சில நாட்களில் ஜூரிச்சில் 1 நிமிடம் 54.01 விநாடியில் ஓடியபோது, வெற்றியை வாழ்த்திய வாய்களே அவர் பிராயத்தையும் கேட்டன. மெய்யாகவே பதினாறு பிராயத்தினனான மலைநாட்டுச் சிறுவன், தன் ஊர்த் தேர்வுப் பந்தயத்தில் வயதைக் குறைத்து எழுதிய இருபது பிராயத்தினனிடம் தோற்று இடத்தை இழக்கிறான். தப்பித் தவறி வென்று வெளிநாடு சென்றால், முன்னவன் செய்த பொய்யின் பழி அவன் மீது விழுகிறது. இரு பக்கத்திலும் அடிபடுகிறவன் அவனே. ஆகவே வயதுப் பொய்யைக் கண்டிக்கும் கடமை அந்நிய நாட்டு விமரிசகரைக் காட்டிலும் அவ்வூர்ப் பயிற்சியாளருக்கே அதிகம் என்பதும், ஒரு தேசத்தவர் யாவரையும் கூட்டாக ஐயுறும் வழக்கம் அந்தப் பொய்யைக் காட்டிலும் சிறிய குற்றமன்று என்பதும் என் துணிபு. 1976 முதல் இட்டென் ஊரின் செயின்ட் பாட்ரிக் பள்ளியில் பயிற்சியளித்து வந்த ஐரிஷ் துறவி கோம் ஓ'கானல் போன்றவர்கள் மாணவரை ஆண்டுக்கணக்கில் கண்ணெதிரே வளர்த்தவர்கள். பத்திரத்தில் எவ்வளவு பிழையிருப்பினும், ஒரு சிறுவன் எப்போது வந்தான், எவ்வளவு உயரமாயிருந்தான், குரல் எந்தப் பருவத்தில் உடைந்தது என்று சொல்லவல்ல சாட்சிகள் அத்தகையவர்களே.

பதினாறு, பதினேழு பிராயத்தினர்க்கான உலகப் போட்டி 2017 ஜூலையில் நைரோபியில் கடைசி முறையாக நடந்து நிறுத்தப்பட்டது; சிறுவரின் பதக்கத்துக்காக உலக மேடை அமைக்கும் ஆசை அவ்வளவில் குறைந்தது நன்மையே. அதற்கு முந்திய ஆண்டு, 2016 ஆகஸ்டில், எத்தியோப்பியா முதன்முறையாகத் தேச முழுவதும் ஜனனப் பதிவைத் தொடங்கிற்று. கென்யாவிலோ பதிவு முன்பே இருந்தும், மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகள் மிகுதியானதால் பிறந்த வாரத்திலேயே ஏட்டில் ஏறும் பெயர்கள் இப்போது பெருகி வருகின்றன. அந்த எத்தியோப்பிய ஏட்டின் முதற்பக்கங்களில் பெயர் பதிவான குழந்தைகள் 2032-ல் பதினாறு நிறைவார்கள். அவர்களுள் ஒருவன் 1500 மீட்டர் கோட்டில் வந்து நிற்கும்போது காட்டுவதற்கு, பிறந்த காலத்திலேயே எழுதப்பட்ட ஒரு பத்திரம் அவனிடம் இருக்கும்.