பகுதிநேரப் பொது விவகாரத் தலைமை

பகுதிநேரப் பொது விவகாரத் தலைமை என்பது வளரும் நிறுவனம் ஒன்றின் அரசுத் தொடர்பு, சட்டமாற்றங்களைக் கண்காணித்தல், ஊடகத் தொடர்பு, சுற்றுவட்டார மக்களுடனான உறவு ஆகியவற்றை மூத்த அதிகாரி ஒருவர் வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் பணியாற்றி நடத்தும் ஏற்பாடு. மேலைநாடுகளில் இவரை ‘ஃப்ராக்‌ஷனல்’ அதிகாரி என்பர். உரிமம், வரி, ஒழுங்குமுறை ஆணையம் என்று அரசோடு ஓயாமல் பேசவேண்டியிருந்தும், முழுநேரத் துணைத் தலைவருக்குரிய சம்பளம் தர இயலாத நிறுவனங்கள் இவரை அமர்த்துகின்றன. வெளி ஆலோசகர் கருத்துச் சொல்வதோடு நின்றுவிடலாம். இவர் நிர்வாகக் கூட்டத்தில் அமர்ந்து முடிவில் பங்கேற்று, அதற்குப் பொறுப்பும் ஏற்பவர்.

தோற்றம்

அமெரிக்காவில் 1889இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் தம் மின்நிறுவனத்துக்கெனப் பத்திரிகைத் தொடர்பாளர் ஒருவரை அமர்த்தினார். 1900இல் பாஸ்டனில் தோன்றிய ‘பப்ளிசிட்டி பீரோ’ பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே சமயத்தில் பணிசெய்தது. எனினும் பகுதிநேரத் தலைமையின் உண்மையான முன்னோடி ஐவி லீ என்பவரே. பத்திரிகையாளராக இருந்த இவர், 1906இல் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது முதலாளிகள் தரப்பில் நின்று, செய்திகளை ஒளிக்காமல் தருவதாக நாளிதழ்களுக்குக் கொள்கை அறிக்கை அனுப்பினார். அதே ஆண்டு அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி அருகே 53 பேர் இறந்த ரயில் விபத்தையொட்டி அவர் வெளியிட்ட அறிக்கை, முதல் செய்திக்குறிப்பாகக் கருதப்படுகிறது.

1914 ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாநிலம் லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரக் குடியிருப்பை மாநிலக் காவற்படை தாக்கியது. கூடாரத்துக்கு அடியில் தோண்டிய குழியில் ஒளிந்திருந்த 11 குழந்தைகளும் 2 பெண்களும் மாண்டனர். சுரங்க நிறுவனத்தில் பெரும்பங்கு வைத்திருந்த ராக்ஃபெல்லர் குடும்பத்தின்மீது நாடே கொதித்தது. இளைய ஜான் டி. ராக்ஃபெல்லர் அந்தக் கோடையில் லீயை மாதம் 1,000 டாலருக்கு அமர்த்தினார். லீ அப்போது பென்சில்வேனியா ரயில்வேயில் தலைவரின் செயல் உதவியாளர். அந்தப் பதவியை விடாமலே, ரயில்வேயின் இசைவுடன் இதையும் பார்த்தார்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் உடனே வெளிப்பட்டது. நாட்டின் கிழக்கில் இருந்த லீ, சுரங்க முதலாளிகள் அனுப்பிய விவரங்களை அப்படியே துண்டறிக்கைகளாக அச்சிட்டார். தொழிற்சங்கத் தலைவர்களின் ஊதியம் அவற்றில் பன்மடங்கு மிகைப்பட்டிருந்தது. அவற்றைச் சரிபார்க்க முயலவில்லை என்று 1915இல் தொழிலுறவு ஆணையத்தின் முன் அவரே ஒப்புக்கொண்டார். கொலராடோவுக்கு நேரில் சென்ற பிறகுதான், தொழிலாளர் குறைகளைக் கேட்க வழி வேண்டும் என்று ராக்ஃபெல்லருக்கு எழுதினார். களத்தைப் பார்க்காத பகுதிநேரத் தலைவர் நிறுவனம் சொல்வதைத் திருப்பிச் சொல்பவராகிவிடுவார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இதன்பின் பெருநிறுவனங்கள் முழுநேரப் பதவியை நாடின. ஆர்தர் பேஜ் 1927இல் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தில் துணைத் தலைவராகச் சேர்ந்தார். கொள்கை வகுப்பதில் தமக்கு இடம் வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. 1946 வரை அப்பதவியில் இருந்தார்.

சட்டநிலை

அமெரிக்காவின் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் ஒரு நிறுவனத்துக்குத் தரும் நேரத்தில், மூன்று மாத அளவில், 20 விழுக்காடோ மேலோ அரசிடம் ஆதரவு திரட்டுவதில் செலவாகி, அதிகாரிகளை ஒரு தடவைக்கு மேல் தொடர்புகொண்டிருந்தால் அவர் ‘லாபியிஸ்ட்’ ஆவார். கணக்கு அந்த நிறுவனத்துக்கு உழைத்த நேரத்துக்கு மட்டுமே. ஆகவே வாரம் 10 மணி நேரம் பணிபுரிபவர் 2 மணி நேரத்திலேயே வரம்பைத் தொட்டுவிடுவார். பிரிட்டனின் 2014ஆம் ஆண்டுச் சட்டம் பிறருக்காகக் கட்டணம் பெற்று அமைச்சர்களிடம் பேசும் ஆலோசகர்களையே பதிவு செய்யச் சொல்கிறது. நிறுவனத்தின் சொந்த ஊழியருக்கு விலக்கு உண்டு. எனவே பகுதிநேரத் தலைவர் ஊழியரா, ஒப்பந்தக்காரரா என்பதை முதலிலேயே எழுத்தில் வரையறுப்பது அவசியம். ஒரே துறையில் போட்டியிடும் இரு நிறுவனங்களுக்கு ஒருவரே பணியாற்றுவது தகாது.

இன்றைய நிலை

புத்தொழில் நிறுவனங்கள் பெருகியதால் இம்முறை பரவியுள்ளது. இந்தியாவில் அரசிடம் ஆதரவு திரட்டுவோரைப் பதிவு செய்யத் தனிச் சட்டம் இல்லை.